அவநம்பிக்கைக்கு அறியாமை மட்டும் காரணமல்ல
மக்கள் அறிவியலைச் சந்தேகிப்பதற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையின் அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறையில் எங்கள் வட்டைக்கு (வயல்வெளிக்கு) வந்த ஒரு கிருமிநாசினி நிறுவனத்தினர் நான்கு வயல்களில் தங்கள் மருந்தைத் தெளித்துப் பார்த்தார்கள். மூன்றில் பயன் தெரியவில்லை, ஆனால் அறுவடைக்கு முன் விவசாயிகளை அழைத்துக் காட்டியது நான்காவது வயலை மட்டுமே. மற்ற மூன்றையும் கண்ணால் கண்டிருந்த எங்களுக்கு வந்த சந்தேகத்தை அறியாமை என்று எப்படிச் சொல்வது? பெரிய ஆய்வுகளிலும் இதுபோன்ற மறைப்பு நடந்திருக்கிறது: இதயநோய்க்குச் சீனியின் பங்கைக் குறைத்துக் கொழுப்பின் மீது பழியைத் திருப்பி ஹார்வர்ட் ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 1967இல் வெளியிட்ட மீளாய்வுக்கு அமெரிக்கச் சீனித் தொழில்துறையே பணம் கொடுத்திருந்தது என்பது 2016இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அப்படியானால் தடுப்பூசியையும் நம்பக்கூடாதா என்று மேலே உள்ள கருத்தொன்றில் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் சொல்வது அதுவல்ல, ஏனெனில் தடுப்பூசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பல நாடுகளின் பெரிய ஆய்வுகள் மறுத்தன, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றது. நான் கேட்பது, எங்கள் மாவட்டத்தில் செய்யப்படும் பயிர்ச் சோதனைகளையும், மனிதர்களுக்கான மருந்துச் சோதனைகளைப் போல, தொடங்குமுன்பே பதிவுசெய்து, பயன் தராத வயல்களின் முடிவையும் பணம் கொடுத்தவர் பெயரையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பதைத்தான்.