அட்டைகள் அடித்த புயல் மணி

விக்டோரியா மகாராணி காலத்து வினோதக் கண்டுபிடிப்புகள் என்று இணையத்தில் சுற்றும் தொகுப்புகளில், இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிகளைக் கொண்டு புயலை முன்னறிவிக்கும் கருவி தவறாமல் இடம்பெறுகிறது. ஒரு படம், ஒரு வரி விளக்கம், கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள், அத்துடன் சரி. அந்தக் கருவியைச் செய்தவரைச் சிரித்துத் தள்ளுவது பெரிய அநியாயம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அவர் பெயர் ஜார்ஜ் மெரிவெதர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி என்னும் துறைமுக ஊரின் மருத்துவர். நோயாளியின் இரத்தத்தை உறிஞ்சி எடுக்க அட்டை விடுவது அன்றைய மருத்துவத்தில் அன்றாட வழக்கம் என்பதால், அந்த உயிரினத்தோடு அவருக்குத் தொழில்முறைப் பழக்கம் இருந்தது. வானிலை கெடப்போகிறது என்றால் அட்டை நிலைகொள்ளாமல் தண்ணீரை விட்டு மேலே ஏறும் என்பது அக்காலத்தில் பரவலாக இருந்த நம்பிக்கை. அம்மைத் தடுப்பூசியைத் தந்த எட்வர்ட் ஜென்னர் மழைக்குறிகளைப் பற்றிப் பாடிய கவிதையிலும் அது வருகிறது. அந்த வரிகளே மெரிவெதரை இந்த வேலையில் இறக்கின. தட்டான் தாழப் பறந்தால் மழை என்றும், எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்றும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நம்பிக்கையில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நடுவே ஒரு மணி. அதைச் சுற்றி வட்டமாக 12 கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொரு புட்டியிலும் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மழைநீரும் ஓர் அட்டையும் இருக்கும். புட்டியின் கழுத்தில் ஓர் உலோகக் குழல். அதற்குள் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டு. (விட்பி ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன ஊர்.) அட்டை மேலே ஏறிக் குழலுக்குள் நுழைந்தால் அந்தத் துண்டு இடம்பெயரும், அதனோடு இணைந்த கம்பி விடுபடும், சுத்தியல் மணியை அடிக்கும். ஓர் அட்டை மட்டும் ஏறினால் அது அதன் தனிப்பட்ட விருப்பமாக இருக்கலாம். பல அட்டைகள் ஏறி மணி மீண்டும் மீண்டும் ஒலித்தால் புயலை எதிர்பார்க்கலாம். ஒரே சாட்சியை நம்பாமல் பலவற்றின் நடத்தையைக் கூட்டிப் பார்த்த அந்த யோசனை எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. புட்டிகளை வட்டமாக வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் நெகிழ்ச்சியானது: அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும், தனிச்சிறையின் துன்பம் அவற்றுக்கு நேரக்கூடாது என்று அவர் எண்ணினார்.

கருவியைச் செய்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1850-ஆம் ஆண்டில், புயல் வரும் என்று அட்டைகள் காட்டிய போதெல்லாம், அது வந்து சேர்வதற்கு முன்பே ஊரின் அறிவியல் கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். நடந்து முடிந்த பிறகு "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்லும் வாய்ப்பைத் தானே அடைத்துவிட்டு, பொய்த்தால் ஊரறியப் பொய்க்கட்டும் என்று துணிந்த செயல் அது. அவரைக் கேலி செய்யும் பதிவுகள் இந்தக் கடிதங்களைக் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் என் முதன்மையான வருத்தம்.

1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இந்தக் கருவி வைக்கப்பட்டது. அதன் அலங்கார வடிவத்துக்கு இந்தியக் கோயில்களின் கட்டடக்கலையே முன்மாதிரி. கடற்கரையெங்கும் இவற்றை நிறுவ வேண்டும் என்று அவர் அரசை வேண்டினார். தந்தியோடு இணைத்தால் லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தின் பெரிய மணியையே ஓர் அட்டையைக் கொண்டு அடிக்க வைக்கலாம் என்றும் நம்பினார். அரசு ஏற்கவில்லை, அது சரியான முடிவே. புயல் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அட்டையால் சொல்ல இயலாது. காற்றழுத்தமானியோ எல்லா ஊர்களிலும் காற்றழுத்தத்தை ஒரே அளவுகோலில் எண்ணாகக் காட்டும். அந்த எண்களைத் தந்தி வழியாக ஓரிடத்தில் சேர்த்து ஒப்பிடவும் முடியும்.

1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி உடைந்து, ஏறத்தாழ 450 பேர் மாண்டார்கள். அதன் பிறகு பிரிட்டிஷ் அரசின் வானிலைத் துறைத் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், காற்றழுத்தமானியும் தந்தியும் சேர்ந்த அந்த வழியில்தான் கடற்கரைகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை உருவாக்கினார். கருவி வேறு, ஆனால் கடலோர மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்ற மெரிவெதரின் தவிப்பும் அதுவேதான்.

மூலக் கருவி இன்று இல்லை. 1951-இல் செய்த மாதிரி ஒன்று விட்பி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் 1861 பிப்ரவரி 9 எனக்கு நினைவுக்கு வருகிறது. அன்று விட்பியைப் புயல் தாக்கியது. கரையோரம் சிக்கிய கப்பல்களிலிருந்து மாலுமிகளை மீட்க உயிர்காப்புப் படகு திரும்பத் திரும்பக் கடலுக்குள் சென்றது. கடைசி முறை அது கவிழ்ந்தபோது படகிலிருந்த 13 பேரில் 12 பேர், கரையில் நின்ற ஊராரின் கண்ணெதிரே மூழ்கினார்கள். தக்கையால் செய்த புதுவகை மிதவை அங்கியை அணிந்திருந்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர் மட்டும் உயிரோடு கரை சேர்ந்தார்.