எட்டு வயதுச் சிறுவனும் முடிவு தெரிந்த வாசகனும்

தடுப்பூசியின் வரலாற்றைச் சொல்லும் எந்த வெகுஜன அறிவியல் நூலை எடுத்தாலும் ஒரு செய்தி தவறாமல் வரும். 1796ஆம் ஆண்டு மே 14 அன்று எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, தன் தோட்டக்காரரின் மகனான ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையைக் கீறிச் செலுத்தினார். ஜூலையில் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழைச் செலுத்திப் பார்த்தார். அவனுக்கு நோய் வரவில்லை. அடுத்த பத்தியில் நூல் வேறு நாட்டுக்கும் வேறு நூற்றாண்டுக்கும் போய்விடும். பல ஆண்டுகளாக நானும் அதன் பின்னாலேயே போயிருக்கிறேன்.

இந்த முறை போக முடியவில்லை. அதே வாரத்தில் தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். 1880இல் நிறைவுபெற்ற அந்த நாவலில் இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் ஒரு கேள்வி கேட்கிறான். மனிதர்கள் எல்லோரும் இன்பமாக வாழும்படி ஒரு மாளிகையை நீ எழுப்புகிறாய், அதன் அஸ்திவாரத்தில் ஒரே ஒரு குழந்தையின் கண்ணீர் இருந்தே தீர வேண்டும் என்றால் கட்டுவதற்குச் சம்மதிப்பாயா என்கிறான். சம்மதிக்க மாட்டேன் என்று அல்யோஷா மெல்லச் சொல்கிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘ஜேம்ஸ் ஃபிப்ஸ்’ என்று எழுதிவைத்தேன்.

ஜென்னரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. பெரியம்மைச் சீழைக் கீறிச் செலுத்துவது அக்காலத்தில் வழக்கத்திலிருந்த பாதுகாப்பு முறைதான். சிறுவயதில் ஜென்னருக்கே அது செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் ‘தோட்டக்காரரின் மகன்’ என்ற சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. தனக்கு வேலை தருபவர் வந்து உன் பிள்ளையின் கையைக் கொடு என்று கேட்கும்போது, மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் ஒரு தகப்பனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? அந்தத் தகப்பன் தலையசைத்திருந்தாலும் அதைச் சம்மதம் என்று சொல்லலாமா, பிழைப்பின் கட்டாயம் என்று சொல்ல வேண்டுமா?

எதிர்த்தரப்பின் கனத்தையும் நான் உணர்கிறேன். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் பெரியம்மையால் இறந்தவர்கள் சுமார் 30 கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1980இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அந்த முப்பது கோடியிலும் குழந்தைகள் இருந்தார்கள், அவர்களுக்கும் கண்ணீர் இருந்தது. அல்யோஷாவின் பதிலை அவர்களில் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. பெற்ற தாயின் பசியைக் கண்ணால் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது வினைத்தூய்மை அதிகாரத்துக் குறள். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது எவ்வளவு கடுமையான கட்டளை என்று எனக்கு விளங்கவே இல்லை.

இங்கேதான் இரண்டு வகை வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிந்தது. அறிவியல் வரலாறு முடிவு தெரிந்த இடத்தில் நின்று எழுதப்படுகிறது; சிறுவன் பிழைத்துவிட்டான் என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால் அந்தக் கீறலை நாம் எளிதாக மன்னித்துவிடுகிறோம். இலக்கியமோ கத்தி தோலைத் தொடும் அந்தக் கணத்தில், முடிவு யாருக்கும் தெரியாத நேரத்தில், நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஜூலை மாதத்தில் ஃபிப்ஸ் இறந்துபோயிருந்தால் ஜென்னரின் செயல் வேறாகியிருக்காது. அதே கை, அதே சீழ், அதே எண்ணம். நம் தீர்ப்பு மட்டும் தலைகீழாகியிருக்கும். அப்படியானால் நாம் போற்றுவது அவருடைய அறத்தையா, அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தையா?

ஹென்ரியெட்டா லாக்ஸ் விஷயத்தில் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த அந்தக் கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே திசுவை எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 31ஆம் வயதில் அவர் இறந்தார். ஆய்வகத்தில் அவருடைய செல்கள் மட்டும் ஓயாமல் பெருகின. போலியோ தடுப்பூசிச் சோதனைக்கும் எண்ணற்ற ஆய்வுகளுக்கும் அவை பயன்பட்டன. குடும்பத்தினருக்கு இது தெரியவர இருபது ஆண்டுகளுக்கும் மேலானது. அவருடைய பெயரைச் சுருக்கி அந்தச் செல்களுக்கு ‘ஹீலா’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவர் இருந்தார் என்பதே நெடுங்காலம் மறைந்துபோயிற்று.

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. வியன்னாவைச் சேர்ந்த எட்வர்ட் பெர்ன்கோஃப் என்ற நாஜி மருத்துவப் பேராசிரியர் தொகுத்த உடற்கூறு வரைபட நூல் இன்றும் அதன் நுணுக்கத்துக்காகப் பேசப்படுகிறது. நரம்பு அறுவை சிகிச்சை செய்வோர் சிலர் அதைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். நாஜி ஆட்சிக் காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அவர் பணியாற்றிய உடற்கூறியல் நிறுவனத்துக்கு வந்தன என்று வியன்னா பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை சொன்னது. ஓவியர் ஒருவர் தம் கையெழுத்தோடு சேர்த்தே ஸ்வஸ்திகாவை வரைந்திருந்தார். பிற்காலப் பதிப்புகளில் அந்தச் சின்னத்தை அழித்தார்கள், படங்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கறையை மட்டும் துடைத்துவிட்டுப் பயனை வைத்துக்கொள்ளும் இந்தச் செயலை விடக் கூசவைக்கும் ஒன்றை அண்மையில் நான் படித்ததில்லை.

அந்த நூலை எரித்துவிடலாமா? அதிலுள்ள ஒரு படத்தால் ஒருவரின் காலைக் காப்பாற்ற முடியுமென்றால் என்ன செய்வது? நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து உயிர்தப்பிய யூத மத குரு ஜோசப் போலக் 2017இல் இதற்கு எழுதிய பதிலில், உயிர்காக்க அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தொடர்புடைய அனைவருக்கும் சொல்லியாக வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இறந்தவர்களுக்கு அது ஈடாகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் அல்யோஷாவின் மறுப்புக்கும் ‘பலன் கிடைத்ததே’ என்ற சமாதானத்துக்கும் நடுவில் நான் கண்ட, கால் ஊன்றி நிற்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

ஆகவே வெகுஜன அறிவியல் எழுதுவோரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அந்தச் சிறுவனைப் பற்றி இன்னும் நான்கு வரி எழுதுங்கள். ஃபிப்ஸ் வளர்ந்து குடும்பஸ்தனான பிறகு ஜென்னர் அவருக்கு வாடகையில்லாமல் ஒரு வீட்டைக் கொடுத்தார். 1823இல் ஜென்னர் இறந்தபோது ஃபிப்ஸ் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். நன்றியோடு வந்தாரா, வேறு எந்த நினைவோடு வந்தாரா என்று அந்தப் பக்க ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.