அந்தக் குழாய்ச் சத்தம்
ஐரோப்பிய சினிமா காட்டும் நெருக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நெருக்கம் என்றாலே படுக்கையறைதான் என்பதுபோல் அது நின்றுவிட்டது. ஆஸ்திரிய இயக்குநர் ஹானெகேயின் 'அமோர்' (2012) படம் எங்கே? காலை உணவின் நடுவே வயதான மனைவி சட்டென உறைந்துபோகிறார். கணவர் துண்டை நனைத்து முகத்தில் ஒற்றிவிட்டு, குழாயை மூடாமலே உடை மாற்றப் போகிறார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. திரும்பி வந்தால், "குழாயை ஏன் திறந்து போட்டீர்கள்?" என்று மனைவி கேட்கிறார். நடந்தது எதுவும் நினைவில்லை!

அப்புறம், கழிப்பறையில் மனைவியைக் கணவர் தூக்கி நிறுத்தும் காட்சி. கட்டிப்பிடித்தபடி இருவரும் அடிமேல் அடி வைப்பது நடனம் மாதிரியே இருக்கும். வேறு இயக்குநராக இருந்தால் வயலினை இழுத்திருப்பார். இங்கே பின்னணி இசையே கிடையாது. மனைவியாக நடித்த எம்மானுவேல் ரிவாவுக்கு அப்போது 80 வயதுக்கு மேல். நான் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் முடித்தேன்.