உள்ளே மடித்த துணி

(சந்துக்குள் ஒரு தையல் கடை. கார்த்திகை மாத மாலை. கதிரேசன் பையிலிருந்து ஒரு பேண்ட்டை, யாரும் பார்க்கவில்லையே என்ற நிச்சயத்துடன் எடுக்கிறார்.)

கதிரேசன்: மாஸ்டர், இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும்.

மாஸ்டர்: இது பங்குனியில் நான் பிடித்துக் கொடுத்தது ஆயிற்றே!

கதிரேசன்: துவைத்ததில் சுருங்கிவிட்டது.

மாஸ்டர்: டெரிகாட்டன் சுருங்கி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நேராக நில்லுங்கள் சார். வயிற்றை எக்காதீர்கள். டேப் ஏமாறும், கொக்கி ஏமாறாது. (நோட்டைப் புரட்டி) தையில் 40. பங்குனியில் 38. இன்றைக்கு… 40.

கதிரேசன்: டயட் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது மாஸ்டர்! தெரு முழுக்கச் சொன்னேன். அப்புறம் டாக்டர் சொல்கிறார், அதில் பாதிக்கு மேல் தண்ணீராம். உடம்பு சேர்த்து வைத்த மாவுச்சத்து ஒரு கிராம் கரைந்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீரும் போய்விடுமாம்.

மாஸ்டர்: அப்படியென்றால் சோற்றைக் கண்டதும் திரும்பி வந்துவிடுமே.

கதிரேசன்: வந்தது. ஒரே கல்யாணப் பந்தியில்.

மாஸ்டர்: காலையில் நடந்தீர்களே?

கதிரேசன்: தினமும் அரை மணி நேரம். திரும்பும் வழியில் டீக்கடை. உழைத்த உடம்புக்கு ஒரு வடை கொடுக்கக் கூடாதா?

மாஸ்டர்: ஒன்றுதானா?

கதிரேசன்: மூன்று. நடைக்கும் முதல் வடைக்கும் கணக்கு நேராகிவிட்டது. மற்ற இரண்டும் கடன்.

மாஸ்டர்: ம்.

கதிரேசன்: என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். எடை குறையக் குறைய உடம்பு சிக்கனமாகிவிடுமாம், முன்பு செலவழித்த அளவுக்குச் செலவழிக்காதாம். பசியை மட்டும் கூட்டிவிடுமாம்.

மாஸ்டர்: கடையில் வேலை குறைந்தபோது என் வீட்டிலும் அதே கதைதான். செலவையும் சுருக்கினோம், பார்த்தவர்களிடமெல்லாம் கைமாற்றும் கேட்டோம். சரி, நடையை ஏன் விட்டீர்கள்?

கதிரேசன்: ஐப்பசியில் ஒரு நாள் மழை.

மாஸ்டர்: மறுநாள்?

கதிரேசன்: மழை இல்லை. ஷூ காயவில்லை.

மாஸ்டர்: அதற்கு அடுத்த நாள்?

கதிரேசன்: ஷூ காய்ந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மாஸ்டர்: நான்காம் நாள்?

கதிரேசன்: தீபாவளி! மகளுக்குத் தலைதீபாவளி வேறு. மாப்பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? ஒன்று எடுத்தேன். டயட்தான் கெட்டுவிட்டதே, நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று தூக்குவாளியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

(மாஸ்டர் பேண்ட்டை உள்பக்கமாகத் திருப்புகிறார். கதிரேசனுக்குத் திடீரென்று ஒன்று ஞாபகம் வருகிறது.)

கதிரேசன்: ஐயோ! இந்த இடுப்பு இனி திரும்பி வராது, மிச்சத் துணியை வெட்டி எறியுங்கள் என்று அன்றைக்கு நானே சொன்னேனே!

மாஸ்டர்: வெட்டவில்லை. இதோ பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரு இன்ச் மடித்தபடியே இருக்கிறது.

கதிரேசன்: அப்போதே என்மேல் நம்பிக்கை இல்லையா?

மாஸ்டர்: உங்கள்மேல் இருந்தது சார். காலண்டர்மேல்தான் இல்லை.

கதிரேசன்: இருக்கட்டும். வருகிற தையில் மறுபடி ஆரம்பிக்கிறேன்.

மாஸ்டர்: தெரியும். அதனால்தான் இந்தத் தடவை தையலை லேசாகப் போடுகிறேன், பிரிக்கச் சுலபமாக இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிரேசன்: மறந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

மாஸ்டர்: (சாக்பீஸ் கோட்டை அழித்து, கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்) விருந்தும் உண்டா?