இரண்டு கரண்டி வெஞ்சனம்

மதுரைப் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காயை வெஞ்சனம் என்போம். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் நுழைவோம். தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் இரண்டு கரண்டி காய். நான் சாப்பிட்டு வளர்ந்ததும் அப்படித்தான், என் பிள்ளைகளுக்கு நான் போட்டு வளர்த்ததும் அப்படித்தான். அந்த இரண்டு கரண்டி போதவே போதாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வயது 46தான். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒரு நாளைக்குத் தலைக்கு எவ்வளவு காய் சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டார். எவ்வளவு அரிசி என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். காய்க்கு என்னிடம் கணக்கே இல்லை. "தினமும் வைப்பேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த காயையெல்லாம் எடைபோட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். நாங்கள் நான்கு பேர். ஏழு நாளைக்கு வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்து 6 கிலோ. அதில் உருளைக்கிழங்கு மட்டும் 1 கிலோ. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளை, மரவள்ளி மாதிரி கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. நான்கு பேருக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் காய் வந்திருக்க வேண்டிய வீட்டில், உருளையைக் கழித்தால் 5 கிலோ. அதிலும் தோல், காம்பு, சொத்தை போகும். இதற்கு நடுவில் வாரம் ஒருமுறை கீரை கடைந்துவிட்டு, சத்தாகச் சமைக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் ஊர் சாப்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. பரோட்டாவும் சால்னாவும் கறிதோசையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு நாளை முழுதாக வைத்துப் பாருங்கள். காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் குழம்பில் இரண்டு துண்டு கத்தரிக்காய், பக்கத்தில் அந்த இரண்டு கரண்டி. சாயங்காலம் வடை. ராத்திரி கடையில் சாப்பிட்டால் ஆம்லெட்டில் கிடக்கும் வெங்காயம்தான் காய். இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையோடு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதே இரும்பு நன்றாகச் சேரும்.

எங்கள் அப்பா காய்கறி விவசாயி. வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் முக்கால் ஏக்கர். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் அப்பா கமிஷன் மண்டிக்குத்தான் மூட்டையை ஏற்றுவார். என்ன விலை போனது என்பது துண்டுச் சீட்டு வந்தால்தான் தெரியும். உழவர் சந்தையில் தராசு கொடுத்தார்கள், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போட்டார்கள், பேருந்தில் காய்க்கூடைக்குக் கட்டணம் இல்லை. போட்டோ ஒட்டிய உழவர் அடையாள அட்டையை அப்பா இன்றும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இவ்வளவு காய் விளைந்த வீட்டில் நாங்கள் சாப்பிட்டது என்ன தெரியுமா? முற்றிய வெண்டைக்காய், புழு விழுந்த கத்தரிக்காய், வளைந்துபோன புடலங்காய். விடியற்காலை இரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தரம் பிரிப்பார்கள். நல்லது எல்லாம் சந்தைக்கூடைக்கு, மிஞ்சியது அடுப்படிக்கு. அம்மா சொத்தையை நறுக்கி எறிந்துவிட்டு மீதியை வதக்குவார். ஒரு பிஞ்சு வெண்டைக்காயை நான் பச்சையாகக் கடித்ததற்கு அடி வாங்கியிருக்கிறேன். அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் காயில்தான் எங்கள் பள்ளிக்கூடச் செலவு இருந்தது. ஆனால் காய் என்றால் விற்பதற்கு, சோறு என்றால் சாப்பிடுவதற்கு என்ற நினைப்பு எனக்குள் அப்படித்தான் இறங்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, கணக்கு தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் காயை அதிகமாக வாங்கிச் சமைத்தேன். மிஞ்சியது. பிள்ளைகள் ஒதுக்கினார்கள், வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். மூன்று வாரம் போராடிவிட்டு, மாடியில் செடி வைக்கலாம் என்று முடிவெடுத்தேன். நாங்கள் இருப்பது வாடகை வீடு. தொட்டி வைத்தால் தளத்தில் ஓதம் இறங்கும் என்று வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பயமும் நியாயம்தான். செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி, அதன் மேல் பெயிண்ட் வாளிகளை வைத்துக் காட்டினேன். தண்ணீர் தேங்கினால் அன்றே எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். இப்போது அந்த அம்மா வீட்டுக் கறிவேப்பிலையும் எங்கள் வாளியில்தான் வளர்கிறது.

எட்டு வாளி, நான்கு பழைய சாக்கு. செம்மண், மக்கிய சாணி, தேங்காய் நார்த்தூள் மூன்றும் சமபங்கு. அரிசி கழுவிய தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் செடிக்கே போகிறது. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கான பை, விதை, நார்த்தூள் எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுத்திருக்கிறது. நீங்களும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். முதலில் போட்டது சிறுகீரையும் தண்டுக்கீரையும். 25 நாளில் பறித்துவிட்டேன். பொன்னாங்கண்ணிக்கு விதைகூட வேண்டாம், கடையில் வாங்கிய கட்டில் இலையை உருவிவிட்டுத் தண்டை ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மணத்தக்காளியைப் பறவையே கொண்டுவந்து போட்டது.

சித்திரை வெயிலில் பாதிச் செடி கருகியது. மதுரை மொட்டைமாடியில் அந்த இரண்டு மாதமும் பச்சை நிழல்வலை கட்டாமல் ஒன்றும் நடக்காது. இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் என் தக்காளி பிழைத்திருக்கும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்கிறேன். கத்தரிக்கு அப்பா சொன்னதுதான் மருந்து: குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, அதைக் கிள்ளி நெருப்பில் போடு.

நான் எதிர்பார்க்காதது சின்னவன் விஷயத்தில் நடந்தது. வெண்டைக்காயை வழவழ என்று துப்பியவன். 45ஆம் நாள் வாக்கில் முதல் காய் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும் என்று சொல்லி அந்த வேலையை அவனிடம் விட்டேன். பறித்த காயை அவனே கழுவினான், எண்ணினான், "எனக்கு ஆறு" என்று தட்டில் வாங்கிக்கொண்டான். பள்ளிக்கூடத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில்தான் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். கிச்சடியும் காய்கறி சாம்பாரும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள், வீட்டில் அதே காயை ஒதுக்குகிறவர்கள்தான். பிள்ளைகளுக்குக் காய் பிடிக்காது என்று நாம் சீக்கிரமாக முடிவுகட்டிவிடுகிறோம்.

எட்டு வாளியில் நான்கு பேருக்கு 11 கிலோ வராது. கீரை பாதிக்கு மேல் மாடியிலிருந்து, மற்றதெல்லாம் உழவர் சந்தையிலிருந்து. ஆனால் செடி வைத்த பிறகுதான் சந்தையில் என் கண் மாறியது. பருவத்துக்கு வரும் காயைத் தேட ஆரம்பித்தேன். மழை பெய்தால் திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் அதலைக்காய் தானாகக் கொடி ஓடும். யாரும் விதைப்பதில்லை, உரம் போடுவதில்லை, மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு முளைத்து வருவது. பாகற்காய்க்குத் தம்பி மாதிரி ஒரு கசப்பு. வாங்கிய அன்றே சமைக்காவிட்டால் வெடித்துவிடும். சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினால் அதற்கு ஈடு கிடையாது. வெளியூர்க்காரர்களுக்குப் பேர்கூடத் தெரியாத காய், நம் பிள்ளைகளுக்குமா தெரியாமல் போக வேண்டும்?

பழத்திலும் அப்படித்தான். யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும்போது மட்டும் ஆப்பிள் வாங்குகிறோம். ஒரு கொய்யாப்பழத்தில் ஆப்பிளைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையும் குறைவு. ஜூஸாகப் பிழிந்து சர்க்கரை போட வேண்டாம், கடித்துச் சாப்பிடுங்கள். 2008இல் புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள்.

விலை ஏறினால் என்ன செய்வது என்பார்கள். உண்மைதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நானும் புளியைத்தான் கரைத்தேன். ஆனால் பறிப்புக்கூலிகூடக் கட்டாமல் அப்பா கத்தரியைச் செடியிலேயே விட்ட வருடங்களும் எனக்குத் தெரியும். விலை சரியும் வாரத்தில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்குங்கள். வாங்குபவர் தட்டுக்கும் நல்லது, விற்பவர் வீட்டுக்கும் நல்லது. வாசலில் கொஞ்சம் மண் இருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை போடுங்கள். ஆறேழு மாதத்தில் காய்க்கும், கீரை அதற்கு முன்னாலேயே கிடைக்கும்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, காய்க்குக் குழிக்கிண்ணம் மாற்றியிருக்கிறோம். அவ்வளவுதான் செய்திருக்கிறோம்.

போன தை மாதம் அப்பா வந்திருந்தார். மாடியில் கத்தரி பறித்தோம். பழக்கதோஷத்தில் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். பளபளவென்று இருந்த பிஞ்சுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, "இதை எடுத்து வை தாயி" என்றார். "எங்கேப்பா எடுத்து வைக்க? நமக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிஞ்சுகளை முழுசாகவே எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன். அன்றைக்கு அப்பா சோறு குறைவாகத்தான் போட்டுக்கொண்டார்.

அந்தச் செடியின் விதையைச் சாம்பலில் புரட்டி ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன். வெண்டை, தண்டுக்கீரை விதையும் இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்குப் போட சரியாக இருக்கும். மதுரைக்குள் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணா நகர் சந்தைக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.