ஊதா ஒளி மட்டும் சான்று ஆகாது

திருநகர்ப் பட்டறையில் எடுத்ததாக ஒருவர் இங்கே பதிவிட்டிருக்கும் ஃபியூசர் (அணுக்கரு இணைவுக் கருவி) படம் அழகாகவே இருக்கிறது: கண்ணாடிக் குடுவை, கம்பிக்கூண்டு, நடுவில் ஊதா ஒளி. அந்த ஒளி தெரிந்தாலே உள்ளே அணுக்கரு இணைவு, அதாவது சூரியனுக்குள் நடப்பதுபோல் சிறிய அணுக்கருக்கள் ஒன்றுசேர்வது, நடக்கிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

காற்றழுத்தத்தைக் குறைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால் வாயு ஒளிரும், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் செருகியிருக்கும் டெஸ்டருக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுக்குவதும் இதே சங்கதிதான். அங்கே யாரும் சூரியனைத் தேடுவதில்லை. குடுவையில் வெறும் காற்று மிச்சமிருந்தாலும் ஊதாவாகத்தான் ஒளிரும்.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஃபார்ன்ஸ்வொர்த் வடிவமைத்த இந்தக் கருவியில் இணைவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) நிரப்பிப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால் நடக்கும். பள்ளி மாணவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காட்டியது ஒளியை அல்ல, இணைவில் வெளிப்படும் நியூட்ரானை.

ஆகவே படம் போட்டவரிடம் ஒன்றைக் கேளுங்கள். நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பாரஃபின் மெழுகுக்குள் வெள்ளித் தகடு வைத்துக் கருவியை ஓட்டினாரா? நிறுத்தியதும் அந்தத் தகட்டைக் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியில் அளந்தாரா? போதிய நியூட்ரான் பட்டிருந்தால் தகடு கதிர்வீசும். அப்போது தகட்டில் உருவாகும் வெள்ளி-110இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) ஏறத்தாழ 25 வினாடி என்பதால் எண்ணிக்கை முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு இன்னும் நீண்ட அரை ஆயுள் கொண்ட வெள்ளி-108 காரணமாக மெதுவாக. டியூட்டீரியம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால், ஒளி அப்படியே இருக்கும். தகடு சும்மா கிடக்கும். இந்த இரண்டு அளவீடுகளையும் அவர் பதிவிட்டால் முதலில் கைதட்டுவது நானாகத்தான் இருப்பேன்.