கடைக் கணக்கு போதும், மூணாம் நாளைப் பத்திப் பேசுவோம்

2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023 ஜூனில் இன்னொரு 500 கடை மூடியாச்சு. டாஸ்மாக் வருவாய் 2022-23-ல் 44,000 கோடியைத் தாண்டியது, அடுத்த வருஷம் 45,000 கோடியைத் தாண்டியது. தேர்தல் வந்தால் மறுபடியும் கடை எண்ணிக்கைதான் பேச்சு.

நம்ம வேலூர்ப் பக்கத்துக்கு (பழைய வட ஆற்காடு) மதுவிலக்கே புதுசில்லை. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கி, 1938-ல் சித்தூர், கடப்பாவுக்குக் கொண்டுபோய், 1939-ல் வட ஆற்காட்டுக்கும் கொண்டுவந்தார். பிறகு 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். இவ்வளவு காலத்திலும் கவனிப்பாரில்லாமல் கிடக்கிற வேலை ஒன்று உண்டு: ஏற்கெனவே குடிக்கிறவரை ஈரல் கெடுவதற்கு முன்னால் கண்டுபிடிப்பது, நிறுத்த நினைக்கிறவரை உயிருக்கு ஆபத்தில்லாமல் நிறுத்த வைப்பது. இது சென்னைக் கோட்டையில் நடக்கிற வேலை இல்லை. ஒடுகத்தூரிலும் பேரணாம்பட்டிலும் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்க வேண்டியது.

கடையைக் குறைப்பதும் விலையை ஏற்றுவதும் வீண் என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் ஆல்கஹாலின் அளவுக்கு ஏற்ப குறைந்தபட்ச விலை வைத்தார்கள். குடியால் நேரடியாக வரும் சாவு 13 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் ஆய்வு வந்தது. இங்கே எப்படி ஏற்றுகிறோம்? 2024 பிப்ரவரியில் சாதாரண குவார்ட்டருக்குப் பத்து ரூபாய், பீருக்கும் பத்து ரூபாய். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம்: உள்ளே சுமார் 60 கிராம் ஆல்கஹால். 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் 25 கிராம்தான். அப்படியானால் கிராம் கணக்கில் பீர்க்காரர் மேல்தான் இரண்டு மடங்குக்கும் அதிகமாக ஏற்றியிருக்கிறோம். கொள்கை என்று இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 'ஏத்தினா மலைச் சாராயத்துக்குப் போயிடுவான்' என்ற பயம் நியாயமானது. அல்லேரி மலையும் சாத்கர் மலையும் நமக்குத் தெரியாததா? ஆனால் 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தது சாராயத்தில் மெத்தனால் என்ற விஷ ரசாயனம் கலந்ததால். அதற்கு மருந்து மெத்தனால் கைமாறும் வழியை அடைப்பது. குவார்ட்டரை மலிவாக வைத்திருப்பது அதற்குத் தீர்வாகாது.

சரி, கண்டுபிடிக்கிற வேலைக்கு வருவோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021-லிருந்து வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த நோட்டில் மூன்று கேள்வியைச் சேர்த்தால் போதும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், குடிக்கிற அன்றைக்கு எவ்வளவு, ஒரே நாளில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாளில் முதல் மூன்று இவை. நம்ம நாட்டில் ஓர் அளவு என்றால் 10 கிராம், ஆகவே குவார்ட்டர் ஒன்று ஆறு அளவு. மொத்தம் 12 மதிப்பெண்; ஆண்களுக்கு 4 வந்தாலே கவனிக்க வேண்டும். 'ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர்ங்க, வேற ஒண்ணும் இல்ல' என்கிறவருக்கு முதல் கேள்வியில் 2, அடுத்ததில் 2, மூன்றாவதில் 3. கூட்டினால் 7. தினமும் குவார்ட்டர் போடுகிறவருக்கு 10.

இதில் எங்கே கோட்டை விடுவார்கள் என்பதும் தெரிந்ததுதான். பகல் பதினோரு மணிக்குப் போனால் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ தோல் ஷாப்புக்கோ வேலைக்குப் போனவர் வீட்டில் இருக்கமாட்டார்; மனைவி சொல்கிற பதிலை எழுதிக்கொண்டு வருவார்கள். மனைவி பக்கத்தில் நிற்கும்போது 'குடிப்பீங்களா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். தனியாக வைத்து 'கடைசியா எப்ப குடிச்சீங்க?' என்று கேட்க வேண்டும். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம் முதலில் இதைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

கண்டுபிடித்தவர்களுக்கு என்ன செய்வது? கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்து பார்த்தார்கள். டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம். 2017-ல் வந்த முடிவு இது. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் செலவைப் பார்த்தால் கொள்ளை லாபம். கணியம்பாடி ஒன்றியத்தில் தற்கொலை செய்துகொண்ட நூறு பேரைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் விசாரித்தபோது, மனநலக் கோளாறுகளில் முதலிடத்தில் இருந்தது குடி அடிமைத்தனம், 16 சதவீதம். குடி என்றால் ஈரல் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பேச்சு, அடிமையாகிவிட்டவருக்குப் போதாது. அவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூணாம் நாள்தான் மோசம்: சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், போர்வையைப் பிய்ப்பார், ஆளைத் தெரியாது, காய்ச்சல் ஏறும், இதயம் தறிகெட்டு ஓடும். கவனிக்காவிட்டால் சாவு வரை போகும்.

இது அதிகம் தவறவிடப்படுவது எலும்பு வார்டில். பெங்களூரு ஹைவேயில் அடிபட்டு வந்தவர், குடும்பம் வெட்கப்பட்டு குடியை மறைத்துவிடும். மூணாம் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டால் 'காத்து கருப்பு' என்பார்கள், கட்டிப் போடுவார்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண் அசைவு நின்று, நடை தள்ளாடி, ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகலாம். தயமின் என்பது சாதாரண வைட்டமின் பி1. தினக் குடிகாரருக்கு மாத்திரை குடலில் சரியாக ஏறாது, ஆரம்ப நாட்களில் ஊசிதான் வேண்டும். ஆகவே அட்மிஷன் போடும்போதே 'தினமும் குடிப்பார், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு' என்று சொல்லிவிடுங்கள்.

மாலை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு, ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கு என்று ஒரே நாளில் நிறுத்துவார்கள். நல்ல காரியம், ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர், மஞ்சள் காமாலை உள்ளவர், தனியாக இருப்பவர் வீட்டில் நிறுத்தக் கூடாது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஐந்தாறு நாள் படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும் தயமினும் போதும். இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி பற்றிச் சுவரெல்லாம் போஸ்டர். அதில் டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை) இருந்தால், சாப்பிட்டவர் வெளியே போய்க் குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் சரியும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். அந்த மாத்திரை, குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத் தொடங்க வேண்டியது. நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும்.

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, ராத்திரி வலிப்பு வந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டத் தயங்கினால் அங்கே சேர்க்காதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான இலவச எண்.